கூடலூர் யானைக்குப் பழனிசெட்டிபட்டியில் மணி

யானை இறங்குவது கூடலூரில். அதற்கு மணி அடிப்பது பழனிசெட்டிபட்டியில். இரண்டுக்கும் நடுவே கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன. முகூர்த்த நாளென்றால் மூன்று ஊரிலும் நகராத பஸ்களும் இருக்கும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாரென்று கடைசிவரை வெளியே தெரியவில்லை. தெரிந்திருந்தால் கூடலூர்க்காரர்கள் ஒரு ஜீப் பிடித்துப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

வனவிலங்கு அபாய அழைப்பு ஏற்பு மையம் என்பது அதன் முழுப் பெயர். ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், எந்நேரமும் ஏசி ஓடும் அறையில், பந்தி மேஜை நீளத்துக்கு ஒரு கன்சோல் வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கில் மலையடிவாரத் தோட்டம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. விளக்கின் கீழே விவசாயியின் பெயர். தோட்டத்தில் நட்டிருக்கும் கம்பத்துப் பொத்தானை அவர் அழுத்தினால் இங்கே விளக்கு எரியும், மணி அடிக்கும். கன்சோலில் இருப்பவர் ‘ஏற்பு’ என்ற பச்சைப் பொத்தானைத் தட்டி அழைப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்பதை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பச்சைப் பொத்தானை அங்கே யாரும் தட்டியதில்லை.

பாண்டீஸ்வரனுக்கு அந்தக் கன்சோலில் நாலாம் வரிசையில் ஒரு விளக்கு. மலையடிவாரத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து அவன் செவ்வாழை போட்டிருந்தான். முதல் வெள்ளாமை ஆடிக்காற்றில் சாய்ந்தது. இரண்டாவதை யானை தின்றது. மூன்றாவது இப்போது தார் முற்றி, முட்டுக் கொடுத்து, வெட்டுக்குத் தயாராக நின்றது. இதுவும் போனால் நிலம் கைவிட்டுப் போகும், அவன் மனைவி சிம்ரன் மறுபடியும் விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு குமுளி ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போக வேண்டும். அந்த ஜீப்பில் பத்துப் பேர் உட்காரும் இடத்தில் இருபது பேரோடு நசுங்கிப் போய்வந்தவள் அவள். இனி அதில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவளை அதில் ஏற்றுவதில்லை என்று அவனும் வைராக்கியமாக இருந்தான். அதனால்தான் கம்பம் நட வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, குழி தோண்டவும் கூடவே நின்றான்.

பயிற்சி கூடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மையத்தின் முதன்மை ஏற்பு அலுவலர் சூரியபிரகாஷ் திரையில் படம் போட்டு விளக்கினார். முதல் படத்தில் யானை இருந்தது. யானை உருவத்தில் பெரியது, தாவரங்களை உண்ணும் என்று அதன் கீழே எழுதியிருந்தது. கூடலூர்க்காரர்கள் அதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

“விவசாயிகள் பதற்றப்படக் கூடாது. பதற்றத்தில் அழுத்தப்படும் பொத்தான் தவறான பொத்தான். முதலில் வந்திருப்பது யானைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அது உங்கள் சர்வே நம்பருக்குள் நிற்கிறதா, பக்கத்துச் சர்வே நம்பரில் நிற்கிறதா என்று பாருங்கள். தந்தம் இருக்கிறதா, குட்டி இருக்கிறதா என்று நிதானமாகக் கவனியுங்கள். இதற்குப் பிறகும் யானை அங்கேயே இருந்தால், பொத்தானை அழுத்தலாம்” என்றார் சூரியபிரகாஷ்.

அழுத்தினால் ஆள் வருவார்களா என்று பாண்டீஸ்வரன் எழுந்து கேட்டான். அது இரண்டாம் கட்டப் பயிற்சிக்குரிய கேள்வி என்றும், முதல் கட்டத்தில் அழுத்துவது மட்டும்தான் என்றும் பதில் வந்தது. எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து ஒரு மாதிரிப் பொத்தானை அழுத்தவைத்தார்கள். பாண்டீஸ்வரன் மண்வெட்டி பிடித்த விரலால் பலமாக அழுத்திவிட்டான். இப்படி அழுத்தினால் பொத்தான் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று அவனை மட்டும் இரண்டாவது தடவை வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

இரண்டாம் கட்டப் பயிற்சி வருவதற்கு முன்னால் யானை வந்துவிட்டது. பொழுது புலரும் நேரம். தோட்டத்து மேல்கோடியில் வேலியை மிதித்துக்கொண்டு நின்றது. பாண்டீஸ்வரன் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி யானைதான் என்று உறுதி செய்துகொண்டு, சர்வே நம்பரையும் பார்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினான். பதற்றப்படாமல் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. சிம்ரன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தகர டின்னைத் தட்டினாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஓடிவந்து வெடி போட்டார்கள். யானை ஒன்றிரண்டு வாழையோடு போதும் என்று திரும்பிப் போனது.

மறுநாளே பாண்டீஸ்வரன் பஸ் பிடித்து மையத்துக்குப் போனான். செருப்பைக் கீழ்மாடியிலேயே கழற்றவைத்தார்கள். மண் பட்டால் இயந்திரத்துக்கு ஆகாதாம். கன்சோலின் முன்னால் ஜெபஷீலா உட்கார்ந்திருந்தாள். அல்லிநகரத்துப் பெண். ஒப்பந்த வேலை. பொய் சொல்ல வராத முகம். அவன் கேட்டதும் அவள் மூடி மறைக்கவில்லை, மணி அடித்தது, நானும் கேட்டேன் என்று சொல்லிவிட்டாள். பாண்டீஸ்வரனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அடித்த மணியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டான்.

“ஏத்துக்கிட்டா அது கணக்குல வந்துரும்ணே. வந்தா முடிச்சு வைக்கணும். முடிச்சு வைக்கணும்னா இங்கன இருந்து யாராச்சும் கூடலூருக்குக் கிளம்பிப் போகணும். ஏத்துக்கலைன்னா அது வரவே இல்லேன்னு அர்த்தம்” என்றாள் ஜெபஷீலா.

உள்ளறையிலிருந்து சூரியபிரகாஷ் வந்தார். அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதற்கும் ஏசிதான் காரணம் என்பார்கள். மையம் தொடங்கியதிலிருந்து ஒரு அழைப்புகூட நிலுவையில் இல்லை என்பதைப் பாண்டீஸ்வரனுக்குப் பெருமையாகத் தெரிவித்தார். இப்படி ஒரு மையத்தை வேறெங்காவது காட்ட முடியுமா என்று அவனிடமே கேட்டார். பிறகு யானை எப்படித்தான் போனது என்று விசாரித்தார். டின் தட்டியதையும் வெடி போட்டதையும் பாண்டீஸ்வரன் வெகுளியாகச் சொன்னான். அவர் முகம் வாடிவிட்டது. இயந்திரம் வைத்துக் கொடுத்த பிறகும் டின் தட்டுவது அந்த இயந்திரத்தின் மேல் நம்பிக்கையில்லை என்று சொல்வதற்குச் சமம் என்றார். அந்த வாரமே ஆட்கள் வாடகை வேனில் வந்து கூடலூர்த் தோட்டங்களில் இருந்த டின்களையும் வெடிகளையும் வாரிக்கொண்டு போனார்கள். யானைக்காக ஒருநாளும் அந்தப் பாதையில் வராதவர்கள் டின்னுக்காகத் தேடிப்பிடித்து வந்தார்கள்.

இயந்திரத்தைப் பராமரிக்க போடியிலிருந்து பிரின்ஸ் என்பவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். குறை சொல்லக்கூடாது, பராமரிப்பு என்றால் அதுதான் பராமரிப்பு. மாதாமாதம் வந்து ஊதி, துடைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிட்டுப் போவார். மணிச் சத்தம் அலுவலரின் வீடியோ கூட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் ஒலிபெருக்கித் துளையில் பஞ்சு வைத்திருந்தார்கள். அந்தப் பஞ்சை மாற்றுவதும் பராமரிப்பில் சேர்ந்திருந்தது. எப்போது போய்ப் பார்த்தாலும் பஞ்சு புதிதாக, வெள்ளைவெளேரென்று இருக்கும். விளக்குகள் எரிய எரிய ஆயுள் குறையும், ஆகவே எரியவிடக் கூடாது என்பது பிரின்ஸின் முதல் அறிக்கை. எரியாமலே இருந்தால் இயந்திரம் மக்கிப்போகும், ஆகவே தினமும் எரியவிட வேண்டும் என்பது இரண்டாவது அறிக்கை. சூரியபிரகாஷ் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொள்ளாதது அபாய அழைப்பை மட்டும்தான்.

இப்படியாகச் சோதனை அழைப்பு வந்தது. தோட்டத்துக் கம்பத்தில் இன்னொரு பொத்தான் வைத்தார்கள். தினமும் காலை டீ நேரத்தில் விவசாயி அதை அழுத்த வேண்டும். மையத்தில் உடனே பதில் கொடுப்பார்கள், கம்பத்தில் பச்சை விளக்கு எரியும். இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சோதனை அழைப்பில் ஒன்றுகூடத் தவறவில்லை. அதற்கென்றே ஜெபஷீலாவுக்கு உதவியாக இன்னும் இரண்டு பேரை நியமித்தார்கள். பாண்டீஸ்வரன் ஒருநாளும் மறக்காமல் அழுத்தினான். இயந்திரத்தை நல்லபடியாக வைத்துக்கொண்டால் ஆபத்துக்கு அது கைகொடுக்கும் என்று அவன் நம்பினான். சிம்ரன் நம்பவில்லை.

“யானைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிவைங்க. டீ நேரத்துக்கு வரச் சொல்லுங்க. அப்பத்தான் அங்கன முழிச்சிருக்காக” என்றாள்.

அவள் கேலியாகச் சொன்னது அவன் மண்டையில் வேறு மாதிரி ஏறிவிட்டது. அடுத்த முறை அந்தி நேரத்தில் ஒற்றை யானை வேலியோரம் வந்து நின்றபோது அவன் சோதனைப் பொத்தானை அழுத்தினான். அதற்கென்றால் உடனே பதில் வருமே. வந்தது. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் யானை கம்பத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வாய்க்கால் பக்கமாகப் போய் இரண்டு வாழையைப் பிடுங்கித் தின்றுவிட்டு, அதுவாகவே மலை ஏறியது. மையத்தில் அது வெற்றிகரமான கூடுதல் சோதனையாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் கூடுதல் சோதனையால்தான் பாண்டீஸ்வரன் அந்த ஆண்டின் சிறந்த பயனாளியாகத் தேர்வானான்.

ஆயுத பூஜையன்று மாலை மையத்தில் பூஜையும் பாராட்டும் சேர்த்து வைத்திருப்பதாக ஜெபஷீலா போனில் சொன்னாள். வரும்போது வாசலில் கட்ட இரண்டு வாழையைக் குலையோடு கொண்டுவர வேண்டும் என்று சார் சொல்லச் சொன்னார் என்பதைத் தயங்கித் தயங்கிச் சேர்த்துக்கொண்டாள். வியாபாரி பூஜை கழிந்த மறுநாள் வெட்டுக்கு வருவதாக இருந்தது. ஒருநாள்தானே என்று பாண்டீஸ்வரன் நினைத்தான். இந்தக் கூட்டத்தில் நல்லபடியாக நடந்துகொண்டால் இரண்டாம் கட்டப் பயிற்சியாவது சீக்கிரம் வராதா என்று ஒரு ஆசை வேறு. சிம்ரனைத் தோட்டத்தில் காவலுக்கு வைத்துவிட்டு, இரண்டு வாழையைத் தோண்டி பஸ்ஸில் ஏற்றினான். அவற்றுக்கும் டிக்கெட் போட்டார்கள்.

பூஜை அமர்க்களமாக நடந்தது. மையத்துக்கு ஒரு ஜீப் உண்டு. களப்பணிக்கு வாங்கியது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அதை முன்னால் நகர்த்தினார்கள். அந்த வருஷத்தில் அந்த ஜீப் ஓடியது அந்த எலுமிச்சம்பழத்தின் அகலம்தான். மாடியில் கன்சோலுக்குப் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, விளக்கு விளக்காகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, நீளமாக ஒரு மாலை சாத்தி, முன்னால் வாழையிலை விரித்து, பொரி, கடலை, சுண்டல் படைத்தார்கள். அணைத்தால் மறுபடி எரியாது என்று பிரின்ஸ் எச்சரித்திருந்ததால் அதை அணைக்கவில்லை. தீபாராதனை முடிந்ததும் சூரியபிரகாஷ், நாளைக் காலை மறுபூஜை முடியும்வரை இதை யாரும் தொடக் கூடாது என்று அறிவித்தார்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுப்பதில்லை என்பது ஊருலக வழக்கம். தேனியில் லேத் பட்டறையும் தையல்கடையும் அன்றைக்கு ஓய்வுதான். கத்தரிக்கோல் ஒருநாள் படுத்திருந்தால் யார் துணியும் அழப்போவதில்லை. அபாய மணிக்கும் அதே ஓய்வைக் கொடுக்க ஒரு தனி மூளை வேண்டும். அந்த மூளை அன்று பட்டு வேட்டி கட்டியிருந்தது.

பாண்டீஸ்வரனை முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தினார்கள். சூரியபிரகாஷ் மைக்கைப் பிடித்தார்.

“இந்த இயந்திரம் வந்த பிறகு பள்ளத்தாக்கில் யானை வந்ததாக எங்களிடம் ஒரு பதிவுகூட இல்லை. யானைகள் வந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பதிவு இல்லை. பதிவில்லாமல் வரும் யானைக்கு மையம் எப்படிப் பொறுப்பாகும்? இந்தச் சாதனைக்குப் பாண்டீஸ்வரன் போன்ற ஒத்துழைப்பான விவசாயிகள்தான் காரணம்” என்றார்.

அப்போது பாண்டீஸ்வரனின் போன் அடித்தது. சிம்ரன். மூச்சு வாங்கியது அவளுக்கு. மூன்று யானை இறங்கிவிட்டது, அபாயப் பொத்தானை அழுத்திவிட்டேன், மோட்டார் ரூம் மொட்டைமாடியில் ஏறி நிற்கிறேன் என்றாள். பக்கத்துத் தோட்டங்களில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் பூஜைக்கு ஊருக்குள் போய்விட்டார்கள். தட்டுவதற்கு டின் இல்லை. சொல்லி முடிக்கும் முன்பே லைன் விட்டுப்போனது.

பாண்டீஸ்வரன் தலையைத் தூக்கினான். கன்சோலில் நாலாம் வரிசையில், குங்குமத்துக்கு உள்ளேயிருந்து, அவன் பெயர் எழுதிய விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. பஞ்சுக்கு உள்ளே ஏதோ முனகியது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. சுண்டல் தொன்னை கொடுத்துக்கொண்டிருந்தவர் மட்டும் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு, அடுத்த ஆளுக்கு நீட்டினார்.

அவன் பொன்னாடையோடு எழுந்து சூரியபிரகாஷின் அருகில் போனான். என் விளக்கு எரிகிறது, என் பெண்டாட்டி தனியாக நிற்கிறாள், ஒரே ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். சூரியபிரகாஷ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். கண்ணில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

“எனக்குத் தெரியாதா பாண்டீஸ்வரன்? ஆனால் பூஜையில் இருக்கிறதே. இன்றைக்கு ஒருநாள்தான் அது ஓய்வெடுக்கிறது. நாளைக்குக் காலையில் முதல் அழைப்பாக உங்களுடையதையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதுவரை அந்த விளக்கு அப்படியே எரியும், பயப்படாதீர்கள்” என்றார்.

பாண்டீஸ்வரன் ஜெபஷீலாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, எனக்கு இதைத் தொடுவதில் ஒன்றுமில்லை, ஆனால் வேலை போய்விடும் அண்ணே என்று மெதுவாகச் சொன்னாள். இத்தனை நாளாக டீயைக்கூட ஆறவிட்டு ஓடிப்போய்ப் பொத்தான் அழுத்திய தன் கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது. ஒரே எட்டில் பொரித் தட்டைத் தாண்டி, மாலையை ஒதுக்கி, அந்தப் பச்சைப் பொத்தானை, மண்வெட்டி பிடித்த விரலால், பலமாக அழுத்தினான்.

கன்சோலுக்குள் ஏதோ சுழன்றது. முதல் தடவையாக அது ஒரு அபாய அழைப்பை ஏற்றுக்கொண்டது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று பார்க்க சூரியபிரகாஷே எட்டி வந்தார். ஒருவேளை எங்கேயோ ஆட்கள் தயாராக உட்கார்ந்திருக்கிறார்களோ, இதற்காகத்தான் காத்திருந்தார்களோ என்று பாண்டீஸ்வரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. சிம்ரன் என்று நினைத்து எடுத்தான். விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. ஒரு பெண் குரல் அறை முழுக்கக் கேட்கும்படி இனிமையாகப் பேசியது.

“வணக்கம். தங்கள் தோட்டத்தில் வனவிலங்கு நடமாட்டம் இருப்பதாக அபாய அழைப்பு பெறப்பட்டுள்ளது. தாங்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நன்றி.”

அவ்வளவுதான். கன்சோலில் சிவப்பு விளக்கு அணைந்தது. பஞ்சுக்குள் இருந்த முனகலும் நின்றது. அவன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சூரியபிரகாஷுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மலர்ந்தது. தொட்டது ஊழியர் அல்ல, பயனாளி, ஆகவே பூஜைக்குப் பங்கமில்லை என்று முதலில் தீர்ப்புச் சொன்னார். பிறகு மைக்கை உயர்த்தி, அழைப்பு ஏற்கப்பட்ட அதே நொடியில் பயனாளிக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தீர்கள் என்றார். நிலுவையும் இல்லாமல் அழைப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்றார்.

“இதுக்கப்புறம் என்னங்கய்யா செய்வீக?” என்று கேட்டான் பாண்டீஸ்வரன். இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருந்தது.

“அப்புறம் என்றால்? தகவல் சொல்லியாயிற்றே. எங்கள் எல்லை இந்த மேஜையோடு முடிகிறது. இனிமேல் அது உங்கள் தோட்டம், உங்கள் யானை” என்றார் சூரியபிரகாஷ். சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

பாண்டீஸ்வரன் சிம்ரனைக் கூப்பிட்டான். இந்தமுறை லைன் கிடைத்தது. காற்றுக்கு நடுவே வாழை முறிந்து விழும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் காதில் விழுந்தது.

“சொன்னீகளா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொல்றாக?”

“நம்ம தோட்டத்துல யானை நிக்குதாம்.”



“கீழ்ப்பக்கம் முழுசும் போச்சுங்க. மேல்பக்கம் இப்பத்தான் தொட்டுருக்கு” என்றாள். “அங்கன என்னமோ சத்தம் கேக்குதே. ஆளுக கிளம்பிட்டாகளா?”

“இல்ல. கை தட்டுறாக.”